வெள்ளவத்தை வீட்டில் குரல் பதிவு: ரயில், காகம், மின்விசிறி. என்ன செய்யலாம்?

கடலோரக் குரல் | வெள்ளி, இரவு 10.20

வணக்கம். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் குடியிருக்கிறேன். பயிற்சிக் காணொளிகளுக்குத் தமிழில் குரல் கொடுக்கும் வேலை கிடைத்திருக்கிறது. மொத்தம் 24 பாடங்கள். முதல் மூன்றை அனுப்பினேன். மூன்றும் ஒரே வரியுடன் திரும்பி வந்துவிட்டன: "பின்னணி இரைச்சல் அதிகம், மீண்டும் பதிவு செய்யவும்." எந்த இரைச்சல், எவ்வளவு குறைய வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. இரண்டு வாரத்து உழைப்பு அது.

என் ஏற்பாட்டைச் சொல்கிறேன். யன்னலோரம் மேசை. யன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறேன், வெளிச் சத்தத்தை என் உடம்பு மறைக்கும் என்ற எண்ணத்தில். யூ.எஸ்.பி. கண்டென்சர் ஒலிவாங்கி மடிக்கணினிக்கு அருகில், என்னிடமிருந்து ஒரு முழத்துக்குச் சற்று மேல். மின்விசிறி ஒன்றாம் எண்ணில் சுழல்கிறது. கடற்கரைப் பக்கம் ரயில் போகிறது. காகங்களைப் பற்றிக் கொழும்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்னேரம் பாண் விற்கும் முச்சக்கர வண்டி அதே மெட்டைப் பாடிக்கொண்டு ஒழுங்கைக்குள் வருகிறது.

ஓடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் இரைச்சல் நீக்கும் வசதியை உயர்த்திப் பார்த்தேன். மின்விசிறிச் சத்தம் போனது. என் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிட்டது. கலையகம் வாடகைக்கு எடுக்க வசதியில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனையான் | வெள்ளி, இரவு 10.48

அக்கா, நானும் இதே துன்பத்தைப் பட்டவன். சுவர் முழுவதும் பஞ்சுத் தகடு ஒட்டுங்கள். பணம் போதாவிட்டால் முட்டைத் தட்டு ஒட்டுங்கள். என் அறையில் ஒரு பக்கச் சுவர் முழுவதும் முட்டைத் தட்டுத்தான். மிச்சத்தைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும். கோப்பைப் பதிவேற்றினால் இரண்டு நிமிடத்தில் துடைத்துத் தந்துவிடுகிறது. இதற்காக இரவெல்லாம் கண்விழிக்க வேண்டாம்.

பழைய நாடா | சனி, காலை 6.15

மகளே, தம்பி சொன்னதைச் செய்வதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒலிப்பதிவு வேலை செய்தவன். நான் தொடங்கிய நாட்களில் ஒலிநாடாதான். நாடாவில் ஒரு சொல்லின் மேல் காகம் கத்திவிட்டால், அந்த வாக்கியத்தை மறுபடி வாசித்து, பழையதைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுவோம். பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை. அதனால் இரைச்சல் ஒலிவாங்கிக்குள் நுழையும் முன்பே அதை மறிக்கப் பழகினோம்.

முதலில், உங்களிடம் இருப்பவை இரண்டு வேறு நோய்கள். வெளியிலிருந்து வருவது இரைச்சல். உங்கள் குரலே சுவரிலும் தரையோட்டிலும் பட்டுத் திரும்புவது முழக்கம். பஞ்சுத் தகடு முழக்கத்தை ஓரளவு குறைக்கும், வெளி இரைச்சலைத் தடுக்காது. சத்தத்தைத் தடுப்பது பாரம். ஒரு சுவரின் பாரத்தை இரட்டித்தால் ஏறக்குறைய 6 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) கூடுதலாகத் தடுக்கும். பஞ்சுக்குப் பாரமே இல்லை. முட்டைத் தட்டு இரண்டு வேலைக்கும் உதவாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதாரண பொலியூரிதேன் பஞ்சு தீப்பிடித்தால் மிக வேகமாக எரியும். 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இரவு விடுதியில் வாணவேடிக்கைப் பொறி சுவரில் ஒட்டியிருந்த அந்தப் பஞ்சில் பட்டு 100 பேர் இறந்தார்கள். மின்வெட்டு வந்தால் மெழுகுவர்த்தி ஏற்றும் வீடுகளில் நாம் இருக்கிறோம். சுவரெல்லாம் அதை ஒட்டாதீர்கள்.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். ஒரு முழத்துக்கு மேல் என்றால் 50 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் உங்கள் குரல் 6 டெசிபெல் உயரும். இன்னொரு முறை பாதியாக்கினால் மொத்தம் 12 டெசிபெல். ரயிலும் மின்விசிறியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, அவை உயரமாட்டா. குரல் உயர்ந்த அளவுக்கு ஒலிவாங்கியின் உணர்திறனைக் குறைத்துவிடலாம். ஒரு சதம் செலவில்லாமல் 12 டெசிபெல் இரைச்சல் கீழே போய்விட்டது. ஒரு சாணுக்குள் வாருங்கள், பின்பு இன்னும் நான்கு விரல் நெருங்குங்கள். அவ்வளவு அருகில் 'அப்படிப்பட்ட', 'ஒப்பந்தம்' போன்ற சொற்களில் பகரம் வெடிக்கும். அதற்காகப் பின்வாங்க வேண்டாம். ஒலிவாங்கியை வாய்க்கு நேரே வைக்காமல் கடைவாய்ப் பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். மூச்சு அதைக் கடந்து போய்விடும்.

அடுத்தது நீங்கள் உட்காரும் திசை. யன்னலுக்கு முதுகு காட்டுவது தவறு. பேச்சுக்குப் பயன்படும் ஒலிவாங்கிகளில் பெரும்பாலானவை கார்டியாய்ட் வகை. முன்பக்கம் நன்றாகக் கேட்கும், நேர் பின்பக்கம் மிகக் குறைவாகக் கேட்கும். நீங்கள் யன்னலுக்கு முதுகு காட்டினால் ஒலிவாங்கியின் முகம் உங்களையும் தாண்டி யன்னலைப் பார்க்கிறது. மனித உடம்பு ரயிலை மறைக்காது. திரும்பி உட்காருங்கள். நீங்கள் யன்னலைப் பார்க்க வேண்டும், நடுவில் ஒலிவாங்கி, அதன் முதுகு யன்னலுக்கு. உங்களுக்குப் பின்னால் வெறும் சுவர் இருந்தால் ஒரு தடித்த போர்வையை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள். ஒலிவாங்கி இப்போது பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

யன்னலுக்கு மேலே காற்றோட்டத் துவாரம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கட்டடங்களில் இருக்கும். ஒரு சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மிச்சச் சுவர் எவ்வளவு கனமானதாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபெலைத் தாண்டாது. கண்ணாடி யன்னலை இறுக்கச் சாத்திவிட்டு மேலே துவாரத்தைத் திறந்துவைத்தால் என்ன பயன்? பதிவு நேரத்துக்கு மட்டும் மரப்பலகையும் பழைய துணியும் வைத்து அடையுங்கள். கதவின் கீழ் இடுக்குக்கு ஒரு சேலையைச் சுருட்டி வையுங்கள்.

மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும். கொழும்பில் அது கொடுமை என்று தெரியும். பதினைந்து நிமிடம் வாசியுங்கள், ஐந்து நிமிடம் மின்விசிறியைப் போட்டு ஆறுங்கள். குளிரூட்டி இருந்தால் அறையை முன்பே நன்றாகக் குளிரவைத்து, பதிவின்போது அணைத்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் கேட்டால் அதையும் நிறுத்துங்கள். திரும்பப் போட மறக்காமல் இருக்க வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். இதை எனக்குச் சொல்லித் தந்தவர் இப்போது இல்லை, ஆனால் அந்த யோசனையால் என் வீட்டில் ஒருநாளும் மீன் கெட்டதில்லை.

கொட்டாஞ்சேனையான் | சனி, காலை 11.05

ஐயா, முட்டைத் தட்டு விடயத்தில் தோற்றுவிட்டேன், இன்றே கழற்றுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் எல்லாம் சேர்ந்து கேட்கும் இடத்தில் நான் இருக்கிறேன். ஆடிவேல் திருவிழா நாட்களில் வாயே திறக்க முடியாது. நீங்கள் சொன்னது எல்லாம் செய்தாலும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை மென்பொருளில் துடைத்தால் என்ன குற்றம்? கேட்பவருக்குச் சொல் விளங்கினால் போதாதா?

மென்குரல் | சனி, பிற்பகல் 2.30

போதாது தம்பி. இதில் எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது, அதனால் நீளமாக எழுதுகிறேன். தெஹிவளையில் இருந்துகொண்டு பத்து ஆண்டுகளாக விளம்பரத்துக்கும் ஆவணப்படத்துக்கும் குரல் கொடுக்கிறேன்.

தமிழில் பாதிச் சொற்கள் மெல்ல முடிகின்றன. 'வந்தது', 'எடுத்து', 'பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் வருவது குற்றியலுகரம், அரை மாத்திரை. உதடு குவியாமல் மூச்சோடு கரைந்துபோகும் ஒலி. நொய்ஸ் கேட் என்ற வசதி, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும் ஒலியை இரைச்சல் என்று எண்ணி வாசலைச் சாத்திவிடும். இந்த உகரம் அந்த அளவுக்குக் கீழேதான் இறங்குகிறது. ஒருமுறை என் பதிவைச் சுத்தம் செய்து ஒளிபரப்பினார்கள். 'வந்தது' எல்லாம் 'வந்தத்' என்று கேட்டது. கேட்டவர்கள் எனக்கு உச்சரிப்புத் தெரியாது என்று நினைத்தார்கள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

ல, ள, ழ மூன்றும் அப்படித்தான். நாக்கு எங்கே தொட்டது, எங்கே தொடாமல் வளைந்தது என்பதைக் காட்டும் நுண்ணிய ஒலிக்கூறுகளைத்தான் பலத்த துடைப்பு முதலில் தின்கிறது. நான் முயன்றுபார்த்த கருவிகளில் இரண்டு, 'வாழை'யை 'வாளை' என்று ஆக்கித் தந்தன. ஒன்று மரம், மற்றது மீன். பாடம் கேட்கும் பிள்ளைக்கு எதைச் சொல்லித் தருகிறோம்?

இன்னொரு விடயம், அக்காவுக்கு. கடலுக்கு இவ்வளவு அருகில் கண்டென்சர் ஒலிவாங்கியை இரவும் பகலும் தாங்கியில் விட்டுவைக்காதீர்கள். ஈரம் அதன் உள்தகட்டில் சேர்ந்தால் பொரிவதுபோல ஒரு சத்தம் வரும். அதை இரைச்சல் என்று எண்ணி அறையெல்லாம் தேடுவீர்கள். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடி வையுங்கள். அதே அறையில் டைனமிக் ஒலிவாங்கி ஒன்று இரவல் கிடைத்தால் அதையும் முயன்று பாருங்கள். உணர்திறன் குறைவு என்பதால் வாய்க்கு ஒட்டி வைத்தே பேச வேண்டியிருக்கும். அந்த நெருக்கம்தான் இரைச்சலைக் குறைக்கிறது, அதற்குள் வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

பழைய நாடா | சனி, மாலை 5.10

மென்குரல் சொன்னதைக் கொஞ்சம் விரிக்கிறேன். இரைச்சலைக் கணக்கிட்டுக் கழிக்கும் முறை புதியதல்ல. 1979இலேயே ஸ்டீவன் போல் (Steven Boll) என்பவர் நிறமாலைக் கழித்தலைப் பற்றி எழுதிவிட்டார். பேச்சில்லாத இடத்தில் இரைச்சலின் சாயலை எடுத்து, பேச்சு உள்ள இடத்திலிருந்து கழிப்பது. மாறாமல் ஒரே சீராக ஓடும் மின்விசிறிக்கு இது பொருந்தும். காகத்துக்குப் பொருந்தாது, ஏனென்றால் காகத்துக்குச் சீரான சாயல் கிடையாது. அளவுக்கு மிஞ்சிக் கழித்தால் தண்ணீருக்குள் மணி ஒலிப்பதுபோல எச்சம் மிஞ்சும். மகள் கேட்ட தண்ணீர்த் தொட்டி அதுதான்.

நான் மென்பொருளை வெறுப்பவன் அல்ல. 80 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுங்கள். பெண் குரலுக்கு அங்கே வேலையில்லை, ரயிலின் அதிர்வு பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. பிறகு இரைச்சல் நீக்கத்தை 6 டெசிபெல் அளவில் ஒரேயொரு தடவை போடுங்கள். 24 வரை ஏற்றாதீர்கள்.

யூனியன் பிளேஸ் | ஞாயிறு, காலை 9.40

அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டியவர்களுக்காக ஒரு சொல். எங்களிடம் கண்ணாடிக் கூட்ட அறை இருக்கிறது, பார்க்க அழகு, பேசினால் கிணறு. மேலே குளிரூட்டிக் காற்று எந்நேரமும் சீறுகிறது, அதை அணைக்கும் ஆளி கட்டடக்காரர்களிடம். கடைசியில் பழைய கோப்புகள் அடுக்கிய களஞ்சிய அறைக்குள் போனேன். நான்கு பக்கமும் காகிதக் கட்டு, இதைவிட நல்ல உறிஞ்சி ஏது? அதுவும் கிடைக்காத நாளில் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் காருக்குள் உட்கார்ந்து, இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பதிவு செய்கிறேன். இருக்கை மெத்தையும் இறுக்கமான கதவும் சிறு கலையகம் போலவே வேலை செய்கின்றன. வியர்வைதான் பிரச்சினை.

கடலோரக் குரல் | செவ்வாய், இரவு 11.15

எல்லாருக்கும் நன்றி. மூன்று இரவுகள் செலவழித்துச் செய்து பார்த்தவற்றை எழுதுகிறேன்.

அளவு இல்லாமல் அலைய வேண்டாம் என்று ஒலிநூல்களுக்கு ஏசிஎக்ஸ் தளம் கேட்கும் அளவை எனக்கும் வைத்துக்கொண்டேன்: குரலின் சராசரி மட்டம் −23க்கும் −18க்கும் இடையில், உச்சம் −3ஐத் தாண்டக்கூடாது, பேசாத இடத்தில் இரைச்சல் −60 டெசிபெலுக்குக் கீழே. (இந்த அளவில் 0தான் உச்ச வரம்பு, எண் அதற்குக் கீழே போகப்போகச் சத்தம் குறைவு.) திரும்பி வந்த பாடங்களை அதே மட்டத்துக்குக் கொண்டுவந்து அளந்தேன். இரைச்சல் −41இல் நின்றது. திருப்பி அனுப்பியவர்கள் மேல் இருந்த கோபம் அந்த எண்ணைப் பார்த்ததும் பாதியாகக் குறைந்தது.

மின்விசிறியை நிறுத்தினேன். யன்னலை நோக்கித் திரும்பி உட்கார்ந்தேன். ஐயா சொன்ன தூரத்தை அளந்து, அதே நீளத்தில் ஒரு சிவப்பு நூலை ஒலிவாங்கித் தாங்கியில் கட்டினேன். ஒவ்வொரு பத்தி தொடங்கும் முன்னும் நூலின் நுனியை மேலுதட்டில் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுவேன். இந்த நூல் இல்லாதபோது கால் மணி நேரத்தில் என்னை அறியாமல் கதிரையில் சாய்ந்துவிடுகிறேன், குரலும் அறையும் மாறிவிடுகின்றன. −54 வந்தது.

துவாரத்தை அடைத்துப் பின்னால் போர்வை தொங்கவிட்டதும் −57. தாங்கியின் அடியில் மடித்த துவாயை வைத்தேன், மேசை வழியாக ஏறிய ரயில் நடுக்கம் குறைந்தது. வாசிக்கும் தாள்களில் கம்பி அடிப்பதை நிறுத்தி, தனித்தனியாக மேசையில் பரப்பி வைக்கிறேன். தாள் திருப்பும் சத்தம் அடியோடு போய்விட்டது.

இப்போது மற்றவை அடங்கிய பிறகு புதிதாக ஒன்று கேட்கிறது. மிக மெல்லிய 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். குளிர்சாதனப் பெட்டியை நிறுத்தியும் போகவில்லை. இதற்கு என்ன செய்வது?

பழைய நாடா | புதன், காலை 5.50

மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றிவிட்டு, மின்கலத்தில் ஓடவிட்டு மறுபடி கேளுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ரீங்காரம் 50இலும் 100இலும் வரும், 80இல் வெட்டினாலும் 100இல் உள்ளது தப்பிவிடும். இரண்டு முனைச் செருகியை மூன்று துளைக்குள் பேனா விட்டுத் திறந்து செருகும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. புவித்தொடுப்பு இல்லாமல் ஓடும் மின்னேற்றி இப்படி முனகும். பேனாவை விடுவது உயிருக்கும் ஆபத்து, தரமான செருகி ஒன்று வாங்குங்கள்.

கடலோரக் குரல் | புதன், இரவு 10.05

போய்விட்டது! கழற்றிய அந்தக் கணமே போய்விட்டது. −61. ஹெட்போனைக் கழற்றாமல் ஒரு நிமிடம் அந்த அமைதியையே கேட்டுக்கொண்டிருந்தேன். தூரத்தில் கடல் மட்டும் இருந்தது, அதுவும் இருக்கிறதா இல்லையா என்ற அளவில்.

கொட்டாஞ்சேனையான் | வியாழன், இரவு 9.30

அக்கா, மகிழ்ச்சி. என் பக்கத்து நியாயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மம்மா சென்ற ஆண்டு காலமானார். அதற்கு இரண்டு மாதத்துக்கு முன், செட்டியார் தெருவில் தன் தகப்பனின் கடை இருந்த நாட்களைப் பற்றி விறாந்தையில் உட்கார்ந்து பேசியதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்தேன். வீதி முழுக்க லொறி. நாற்பது நிமிடத்தில் பாதி விளங்கவில்லை. நான் 'துடைத்துத் தந்துவிடுகிறது' என்று எழுதியது அந்தக் கோப்பை மனதில் வைத்துத்தான். அவர் குரல் கொஞ்சம் தகரம்போல ஆகிவிட்டது உண்மை. ஆனால் கடையின் பெயர் இப்போது கேட்கிறது.

மென்குரல் | வியாழன், இரவு 9.52

தம்பி, அதற்கு அந்தக் கருவி கட்டாயம் வேண்டும். திரும்பப் பேச முடியாதவரின் குரலை எப்படியும் மீட்க வேண்டும். நான் சண்டை போட்டது, நாளை மறுபடி வாசிக்கக்கூடியதைச் சோம்பலால் துடைப்பவர்களோடு. துடைக்காத மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதே. இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வை. இன்னும் சில ஆண்டுகளில் இதைவிட நல்ல கருவி வரும், அன்று மூலத்திலிருந்து மறுபடி முயலலாம்.

கொட்டாஞ்சேனையான் | வியாழன், இரவு 10.01

மூலம் என் தொலைபேசியில் மட்டுமே இருக்கிறது. இப்போதே எடுக்கிறேன்.

கடலோரக் குரல் | அடுத்த திங்கள், இரவு 11.40

முதல் ஆறு பாடங்களும் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டன. ஏழாவதில், நான்காம் நிமிடத்தில், 'பாதுகாப்பு' என்ற சொல்லின் மேல் ஒரு காகம். இரவு பத்தரைக்கு அது ஏன் விழித்திருந்தது என்று தெரியவில்லை. முழுப் பாடத்தையும் மறுபடி வாசிக்கவில்லை. நூலை உதட்டில் தொட்டு, முந்தைய வாக்கியத்திலிருந்தே வாசித்து, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வெட்டி ஒட்டினேன். மூன்று தடவை கேட்டும் ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. கோப்பை இங்கே இணைத்திருக்கிறேன். ஐயா, நேரம் கிடைத்தால் கேட்டுச் சொல்லுங்கள்.

பழைய நாடா | செவ்வாய், காலை 6.05

கேட்டேன் மகளே. ஒட்டு 4.12இல். மூச்சு ஒன்று குறைகிறது, முந்தைய வாக்கியத்தின் முடிவில் இருந்த மூச்சையும் சேர்த்து வெட்டிவிட்டீர்கள். அதைத் திருப்பி வைத்துவிட்டு அனுப்புங்கள்.